கை நடுக்கத்துக்கு மூளையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. ரங்கூனில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் வலது கையில் நடுக்கம் ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து வேளை. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகும். மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி இறுகிவிடும். நடுக்கம் மட்டும் முழுசாக அடங்குவதில்லை. துணி வெட்டும் வேலையைப் பையன்களிடம் விட்டுவிட்டேன். டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். மூளைக்குள் கம்பி வைத்து, ஒரு பெட்டியை இயக்கியதும் ஒருவருடைய கை சட்டென்று நின்றுவிடுகிறது. "சென்னைக்குப் போய்ப் பண்ணிக்கலாம்ப்பா, செலவை நான் பாத்துக்கிறேன்" என்கிறான். என் மனைவியோ, "மண்டையைத் திறக்கவே கூடாது, பீலிக்கான் அங்காளம்மனுக்கு நேர்ந்துக்கிறேன்" என்று அழுகிறாள். ஊரிலிருந்து வந்த உறவினர் பூனைக்காலி விதைப் பொடி கொடுத்திருக்கிறார். தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் சின்னரிசின் வாங்கிப் போடுகிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? செய்தால் நோய் போய்விடுமா?

பதில்: அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன் சற்றுத் தள்ளி வைத்து எழுத்தை மட்டும் பார்த்தேன். முதல் வரியில் பட்டாணி அளவு இருந்த எழுத்து, பக்கம் முடியும் இடத்தில் கடுகு அளவாகிவிட்டது. வரியும் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது பார்க்கின்சன்தான் என்பதற்கு அந்தப் பக்கமே ஒரு சாட்சி. இந்த நோயில் எழுத்து போகப்போகச் சுருங்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கை நடுக்கம் எல்லாமே பார்க்கின்சன் இல்லை. பரம்பரையாக வரும் இன்னொரு நடுக்கம் இருக்கிறது. அதில் இரண்டு கையும் நடுங்கும், சிலருக்குத் தலையும் குரலும்கூட நடுங்கும். கை மடியில் கிடக்கும்போது சும்மா இருக்கும். தம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும்தான் ஆட்டம். எழுத்து சுருங்காது, பெரிதாகக் கோணிக்கொண்டு போகும். அதற்கு மருந்தும் வேறு. பார்க்கின்சன் நடுக்கம் நேர் எதிர். கை ஓய்வாக இருக்கும்போதுதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல உரசிக்கொள்ளும், நொடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை. ஏதாவது எடுக்கக் கையை நீட்டினால் சற்று அடங்கும். நீட்டியபடியே வைத்திருந்தால் சில நொடிகளில் திரும்ப வந்துவிடும். டீக்கோப்பையை எடுக்கும்போது சரியாக இருந்து, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சாசரில் கொட்டினால், அது இதனால்தான். ஒரே பக்கத்தில் ஆரம்பித்திருக்கிறது, மாத்திரைக்கு உடம்பு இளகுகிறது, எழுத்து சுருங்குகிறது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. வீட்டில் ஙப்பி என்ற மீன் விழுதை வறுக்கும் வாசனை உங்களுக்கு முன்போலத் தெரிகிறதா என்பதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மோப்பம் குறைந்துவிடும்.

ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு காரியம் உடனே செய்ய வேண்டும். சின்னரிசினை விட்டுவிடுங்கள். பார்க்கின்சன் என்பது மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் செத்துக் குறைந்துபோவதால் வருவது. சின்னரிசினும் அதன் தம்பி ஃப்ளூனரிசினும் மிச்சமிருக்கும் டோபமைனை வேலை செய்யவிடாமல் தடுக்கும். பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கே இந்த மாத்திரைகளால் கை நடுக்கமும் இறுக்கமும் வருவதுண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடும் ப்ரோக்ளோர்பெரசினும் அதே வகை. நம் ஊர் மருந்துக்கடைகளில் "தலை சுத்துது" என்று சொன்னாலே பட்டையிலிருந்து நான்கை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் இதைத் தின்றுகொண்டு நடுக்கத்துக்கு வைத்தியம் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நடுக்கத்தில் எவ்வளவு நோயினுடையது, எவ்வளவு இந்த மாத்திரையினுடையது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விட்ட பிறகும் அதன் வேகம் முழுசாகத் தணிய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். தலைசுற்றலுக்குக் காரணம் அநேகமாக வேறு. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷம் கழித்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது இறங்குகிறது என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது.

பூனைக்காலியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அந்த விதையில் உண்மையாகவே லெவோடோபா இருக்கிறது. நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அரைத்துக் கொடுத்தவருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஐந்து வேளை அதே மருந்து உள்ளே போகிறது. அதன்மேல் கணக்கில்லாமல் இன்னும் சேர்ந்தால் வாந்தி, ரத்த அழுத்த இறக்கம், கை கால் தானாக முறுக்கிக்கொண்டு ஆடுவது, இல்லாத உருவம் கண்ணில் தெரிவது எல்லாம் வரலாம். டப்பாவை மூடி வையுங்கள்.

அடுத்து, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? காலையில் மீன் குழம்பு ஊற்றிய மொய்ங்காவோ அவித்த பட்டாணியும் ரொட்டியுமோ சாப்பிட்ட கையோடு போடுகிறீர்கள் என்றால் மருந்தின் பலன் குறைந்துவிடும். மீனிலும் பருப்பிலும் பட்டாணியிலும் இருக்கும் புரதம், குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகும் அதே வாசலில் லெவோடோபாவோடு முட்டிக்கொள்ளும். வயிறு காலியாக இருக்கும்போது, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு, ஒரு தம்ளர் தண்ணீரோடு போட்டுப் பாருங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். மீனையும் பருப்பையும் விடவேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவையுங்கள். "மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்" என்று முத்திரை குத்துவதற்கு முன், மாத்திரை போதுமான அளவில் ஒழுங்காக உள்ளே போனதா என்று பார்க்கவேண்டும். இது நடக்காமலேயே ஆபரேஷன் மேஜைவரை போனவர்கள் உண்டு.

உங்கள் டாக்டர் கையில் இன்னும் சில மருந்துகளும் இருக்கின்றன. வேளைகளுக்கிடையே இடைவெளியைக் குறைக்கலாம். மாத்திரையின் வேகம் நீடிக்க என்டகபோன் சேர்க்கலாம். நடுக்கத்துக்கு ப்ரமிபெக்சோல் சிலருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ப்ரமிபெக்சோல் கொடுத்தால் உங்கள் மனைவி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து சிலருடைய புத்தியில் அடக்கமில்லாத ஆசையைக் கிளப்பிவிடும். சீட்டாட்டம், வாங்கிக் குவிப்பது, காம இச்சை என்று ஆளுக்கு ஒரு பக்கமாகப் போகும். நம் ஊரில் அது பெரும்பாலும் டூ-டி என்ற இரண்டு இலக்க நம்பர் சூதாட்டத்தில் வந்து நிற்கிறது. ஆயுளில் ஒரு தடவைகூடச் சீட்டுக் கட்டாத ஒரு பெரியவர், இந்த மருந்து ஆரம்பித்த நாலாம் மாதம் தினம் இரண்டு வேளையும் நம்பர் கட்டிக் கடையின் முதலையே கரைத்துவிட்டார். வீட்டில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். மருந்தைக் குறைத்ததும் மனுஷர் பழையபடி ஆகிவிட்டார். அவருடைய குணம் கெட்டதாக அத்தனை நாள் நினைத்திருந்தார்கள் பாவம்.

இப்போது ஆபரேஷனுக்கு வருகிறேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயை 1817-இல் விவரித்து எழுதினார். அதற்கு உருப்படியான மருந்து வந்தது 1960களில்தான். மருந்துக்கு முன்பும் பின்பும் மூளையின் உள்ளே ஒரு சிறு புள்ளியைச் சுட்டு நடுக்கத்தை நிறுத்தும் வைத்தியம் இருந்தது. சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் அந்த வகை அறுவைகளை 1960களிலேயே செய்தார்கள். கனகா உலகத்தின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். நான் படிக்கும்போது அவர் பெயரைச் சொன்னாலே எங்களுக்கு முதுகு நிமிரும். சுட்டால் சுட்டதுதான், திருப்ப முடியாது என்பது அந்த முறையின் சங்கடம். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் என்பவர், சுடாமல் அதே இடத்தில் வேகமான மின்துடிப்பைக் கொடுத்தாலே நடுக்கம் நிற்கிறது, துடிப்பை நிறுத்தினால் திரும்புகிறது என்று காட்டினார். உங்கள் மகன் அனுப்பிய வீடியோவின் வித்து அதுதான். அமெரிக்காவில் 1997-இல் நடுக்கத்துக்கும், 2002-இல் பார்க்கின்சனின் மற்றத் தொந்தரவுகளுக்கும் அனுமதி கிடைத்தது.

உள்ளே வைக்கும் கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் நுனியில் சின்னச்சின்ன உலோக வளையங்கள். கம்பியின் மறுமுனை காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த பெட்டியில் சேரும். பெட்டி நொடிக்கு 130 தடவை அளவில் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் தையல் மெஷினில் நூல் இழுப்பைச் சரிசெய்யும் திருகு இருக்கிறதல்லவா? ஊசியும் நூலும் துணியும் சரியாக இருந்தும், அந்தத் திருகு அரைச் சுற்று மாறினால் தையல் சுருங்கும், இல்லை தளரும். இந்த வைத்தியத்தின் உயிரும் அந்தத் திருகில்தான் இருக்கிறது. அதை மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

சென்னையில் பயிற்சியில் இருந்தபோது முதல் தடவை இதை நேரில் பார்த்தேன். நோயாளி ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தா. தலையை ஒரு உலோகச் சட்டத்தில் பொருத்தியிருந்தது. முதல் நாள் ராத்திரியிலிருந்து மாத்திரை இல்லை, அதனால் வலது கை படுக்கை விரிப்பின்மேல் சரசரவென்று உரசிக்கொண்டே இருந்தது. விழித்தபடிதான் இருந்தார். மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மட்டும்தான் மரப்பூசி. டாக்டர் அவரோடு பேசிக்கொண்டே மின்னளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஒரு கட்டத்தில் அந்தச் சரசரப்பு நின்றது. அறையே அமைதியாகிவிட்டது. அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டாக்டர் இன்னும் சற்று ஏற்றி, ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். பன்னிரண்டு வரும்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சொல் குழறியது. உடனே குறைத்தார். குழறல் போனது, கையும் நின்றபடி இருந்தது. கை நிற்பதற்கும் நாக்கு குழறுவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் ஆபரேஷனின் வெற்றி. கம்பி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அந்த இடைவெளி இல்லாமல் போய்விடும். இப்போது பல இடங்களில் முழு மயக்கத்திலும் செய்கிறார்கள்.

நோய் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. செல்கள் குறைவதை இது நிறுத்தாது. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, அந்த நல்ல நேரத்தை நாளின் பெரும்பகுதிக்கு நீட்டித் தருவதுதான் இதன் வேலை. மாத்திரை கொடுக்காததை ஆபரேஷனும் கொடுக்காது. நடுக்கம் ஒன்றுதான் இதற்கு விலக்கு. மாத்திரைக்கு அசையாத நடுக்கம்கூடக் கம்பிக்குப் பணிந்துவிடுவது உண்டு. அதனால் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த வாக்கியம், "மாத்திரை போட்டால் உடம்பு இளகும்" என்பது. அதே சமயம், நிலை தடுமாறி விழுவது, குரல் மெலிவது, விழுங்குவதில் சிரமம், மறதி, மலச்சிக்கல் ஆகியவற்றுக்கு இந்த ஆபரேஷன் பதில் இல்லை. குரலும் சமநிலையும் சிலருக்கு இன்னும் சற்று மோசமாகலாம். அடிக்கடி விழுகிறவருக்கும், மறதி முற்றியவருக்கும் நல்ல டாக்டர்கள் கத்தி வைக்கமாட்டார்கள்.

ஆபரேஷன் உங்களுக்குப் பயன்படுமா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ராத்திரி முழுதும் மாத்திரை கொடுக்காமல் வைத்திருந்து, காலையில் நடை, விரலசைவு, இறுக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பிறகு மாத்திரை கொடுத்து, நன்றாக இளகியதும் மறுபடி மதிப்பெண். மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் இறுக்கமும் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து வரத்து இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். குறைந்தது இரண்டு மாத மாத்திரை கையிருப்பில் இல்லாமல் இருக்காதீர்கள். சோதனையில் ஞாபகத்தையும் மனநிலையையும் தனியாகப் பரிசோதிப்பார்கள். மனச்சோர்வு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அது ஆழமாகிச் சிலர் தங்களையே மாய்த்துக்கொள்ளப் போயிருக்கிறார்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அம்மா, மண்டையைத் திறப்பதில்லை. பக்கத்துக்கு ஒரு துளை, உங்கள் வீட்டுக்காரர் கோட்டில் தைக்கும் பொத்தான் அளவு. ஆனால் பயப்படவே வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொய். நூறு பேரில் ஒருவர், இரண்டு பேருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பாதிப்பு வருகிறது. சிலருக்கு அது பக்கவாதமாக நின்றுவிடும், மிகச் சிலர் இறந்தும் இருக்கிறார்கள். நூற்றில் மூன்று, ஐந்து பேருக்குச் சீழ் பிடித்துப் பெட்டியையோ கம்பியையோ எடுக்கவேண்டி வருகிறது. எடை கூடலாம், பேச்சு சற்றுக் கெடலாம். அங்காளம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதில் என்ன தவறு? ஆனால் நேர்த்திக்கடனையும் வைத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம். டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் கூட உட்காருங்கள். அவர் எந்நேரம் இறுகுகிறார், ராத்திரித் தூக்கத்தில் கத்துகிறாரா, மறக்கிறாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

திருகு விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ரங்கூனில் இருக்கும் ஒருவருக்கு ஆபரேஷனைவிடப் பெரிய கேள்வி இதுதான். வீடியோவில் காட்டுவது பெட்டியை இயக்கும் அந்த ஒரு நிமிஷம். அதன்பிறகு மூன்று முதல் ஆறு மாதம்வரை பலமுறை போய், எந்த வளையத்தில், எவ்வளவு அளவில், எவ்வளவு வேகத்தில் துடிப்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்து, கூடவே மாத்திரையையும் குறைத்து நிலைப்படுத்துவார்கள். அதற்குப் பின்னும் நோய் நகர நகர வருஷத்துக்குச் சில தடவை. சில வருஷங்களுக்கு முன் ஒருவர் வெளிநாட்டில் ஆபரேஷன் முடித்து, பத்தாம் நாள் விமானம் ஏறி வந்துவிட்டார். ஆபரேஷன் அருமையாக நடந்திருந்தது. இங்கே பெட்டியைச் சரிசெய்யும் கருவி அவருக்குக் கிடைக்கவில்லை. விசாவும் பணமும் சேர்ந்து அடுத்த தடவை போக ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் முழுதும் சட்டைப்பைக்குக் கீழே ஒரு விலையுயர்ந்த பெட்டியும், முன்னைப்போலவே நடுங்கும் கையுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நான் செய்ய முடிந்தது மாத்திரையை மாற்றிக் கொடுத்தது மட்டும்தான். அந்த முகத்தை நினைத்துத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாட்டரியையும் இதே கண்ணோடு பாருங்கள். சார்ஜ் போடாத வகை மூன்று முதல் ஐந்து வருஷம் வரும், தீர்ந்ததும் பெட்டியை மாற்ற மார்பில் ஒரு சின்ன ஆபரேஷன். சார்ஜ் போடும் வகை பதினைந்து வருஷம்கூட வரும், ஆனால் அடிக்கடி மின்சாரம் வேண்டும். நம் தெருவில் கரண்ட் வரும் நேரமும் போகும் நேரமும் உங்களுக்குத் தெரியாததா? சோலாரோ இன்வெர்ட்டரோ வீட்டில் இல்லாவிட்டால் சார்ஜ் வகையை யோசித்துத்தான் எடுக்கவேண்டும். பெட்டி திடீரென்று நின்றால் நோய் ஒரே மூச்சில் திரும்பும். இன்னொன்று, முழங்கால் வலிக்குச் சூட்டு வைத்தியமாகக் கொடுக்கும் டயதெர்மி கம்பி வைத்தவருக்கு ஆகவே ஆகாது. கம்பி நுனி சூடாகி மூளை வெந்து இறந்தவர்கள் உண்டு. ஸ்கேன் எடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு.

உங்கள் மகன் சென்னை என்கிறார். சென்னையில் செய்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆகியவை இந்திய மத்திய அரசின் நிறுவனங்கள், இந்தச் சிகிச்சையில் நல்ல அனுபவம் உள்ளவை. பாங்காக்கில் சுலலாங்கோர்ன் மருத்துவமனையில் பார்க்கின்சனுக்கென்றே தனி மையம் இருக்கிறது. தமிழில் பேசலாம் என்பது சென்னையின் பெரிய வசதி. கை நின்றதா, நாக்கு தடிக்கிறதா என்று நுணுக்கமாகச் சொல்லவேண்டிய வைத்தியம் இது. பாங்காக் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அடிக்கடி போய்வரலாம். எங்கே போனாலும், வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், பெட்டியைச் சரிசெய்பவர் யார், நான் ரங்கூனிலிருந்து வந்தால் முதல் ஆறு மாதம் எப்படி, நடுவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று மகன் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். செலவில் பெரும்பங்கு கருவிக்கே போகும். அதற்கு மேல் ஆறு மாதப் போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் கூட்டிய பிறகு வருவதுதான் உண்மையான கணக்கு.

கம்பியும் பெட்டியும் இல்லாத ஒரு வழியும் இப்போது இருக்கிறது. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்து, மண்டைக்கு வெளியிலிருந்தே ஒலி அலைகளைக் குவித்து உள்ளே ஒரு புள்ளியைச் சுடுவது. பழைய சென்னை முறையின் புது அவதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதித்தார்கள். திரும்பத் திரும்பப் போய்த் திருக வேண்டாம் என்பதால் தூரத்தில் இருப்பவர்களுக்கு இது யோசிக்கத்தக்கது. ஆனால் சுட்டதைத் திருப்ப முடியாது, பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் செய்வார்கள், மரமரப்போ நடைத் தள்ளாட்டமோ மிஞ்சலாம். நடுக்கத்துக்காகச் சுடும் அந்தப் புள்ளி, மூன்று மணி நேரத்தில் உடம்பு இறுகுகிறதே, அதைத் தொடாது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் உங்களுக்குக் கம்பிதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. விசாரிக்கும்போது இதையும் கேட்டு வையுங்கள்.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த மாதமே போய்ச் செய்துகொள்ள வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்றும் தள்ளிவிட வேண்டாம். எல்லா மாத்திரையும் தோற்ற பிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பு நாங்களே சொல்வோம். ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வில், நோய் வந்து சராசரி ஏழரை வருஷம் ஆன, மாத்திரை வேகம் ஏறி இறங்க ஆரம்பித்த கட்டத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வாழ்க்கை, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தது. அவர்கள் உங்களைவிடப் பத்து வயது சிறியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 61 நல்ல வயதுதான். இன்னும் பத்து வருஷம் கழித்து, விழ ஆரம்பித்து, மறதியும் சேர்ந்த பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும். ஆகவே சின்னரிசினை விட்டு, மாத்திரை வேளையைச் சீர்செய்து, பெரிய ஆஸ்பத்திரி நரம்புப் பிரிவிலோ உங்கள் டாக்டரிடமோ மருந்தை ஒழுங்குபடுத்தி, மூன்று மாதம் பாருங்கள். அதன்பிறகும் நடுக்கமும் இறுக்கமும் இப்படியே இருந்தால் சென்னைக்குப் போங்கள். சோதனைக்கு. ஆபரேஷனுக்கு இல்லை. சோதனை முடிந்து, "உங்களுக்குப் பயன்படும்" என்று அவர்கள் சொன்ன பிறகும் வீட்டுக்குத் திரும்பி வந்து யோசிக்கலாம். மகனிடம் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அப்பாவின் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கை உங்களுடையது. "வேண்டும்" என்பதும் "வேண்டாம்" என்பதும் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

அதுவரை கடையை விட்டு ஒதுங்காதீர்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து உங்களுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் நல்ல நேரம் கிடைக்கிறது. அளவெடுப்பதையும் சாக்கட்டியால் கோடு போடுவதையும் அந்த நேரத்துக்கு வையுங்கள். வெட்டுவது பையன்கள் என்றாலும் கோடு உங்களுடையதாக இருக்கட்டும். தினமும் அரை மணி நேரமாவது வேகமாக, கையை வீசி நடங்கள். இந்த நோய்க்கு நடை ஒரு மருந்து.

டீக்கடையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு மனதைப் பிசைந்த வரி அது. கையை லுங்கி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தால் நடுக்கம் கூடும். யாரும் பார்க்கிறார்களோ என்ற பதற்றம் எந்த நடுக்கத்தையும் பெருக்கும். போய் உட்காருங்கள். கோப்பையில் பாதி மட்டும் ஊற்றச் சொல்லுங்கள், முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடியுங்கள். கேட்கிறவர்களிடம் "பார்க்கின்சன், கை நடுங்கும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த நாள் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு வேலை தருகிறேன். இரண்டு வாரத்துக்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு குறி போடுங்கள். உடம்பு இளகியிருந்தால் வட்டம், இறுகியிருந்தால் கோடு, நடுக்கம் அதிகமென்றால் ஒரு புள்ளி. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தலைசுற்றிய நேரம் பக்கத்தில். உங்களுக்கு முடியாதபோது அம்மா போடட்டும். எந்த ஊர் டாக்டரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். கோடு போட்ட நோட்டில், இரண்டு வரிக்கு ஒரு வரியாக, கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பெரிதாக எழுதுங்கள். கோடு கண்ணில் பட்டால் உங்கள் கை எழுத்தைச் சுருக்காது.